இசக்கி பேங்க்

பஸ் ஜன்னலைச் சாத்தாதீர்கள் அக்கா, கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். கோபமாக இருக்கும்போது எனக்குக் காற்று வேண்டும். உங்கள் மேல் கோபமில்லை. உங்கள் மடியில் இருக்கிறதே அந்தப் பை, ‘ஆடித் தள்ளுபடி’ என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, அதன்மேல்கூட முழுக் கோபமில்லை. பாதிதான்.

நீங்களும் கோவில்பட்டிதானே? நல்லதாகப் போயிற்று. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், சொல்லுங்கள். ஒருத்தி கடன் வாங்குகிறாள். சொன்ன தேதிக்கு முன்பே முழுவதையும், ஒரு ரூபாய் பாக்கியில்லாமல், திருப்பிக் கட்டிவிடுகிறாள். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, இரண்டு வருடமாக. இவள் நம்பத் தகுந்தவளா, இல்லையா?

பார்த்தீர்களா, யோசிக்காமலே தலையாட்டிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரிகிறது. பேங்குக்குத் தெரியவில்லை. ‘இவளுக்குக் கடன் கொடுக்கலாகாது’ என்று என்னைச் சொல்லிவிட்டார்கள் அக்கா. என்னை! பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டியின் சுழற்கோப்பை இன்றைக்கும் என் விடுதி அறையில்தான் இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் இசக்கிதேவி. அரசியல் அறிவியலில் ஆய்வு செய்கிறேன், திருநெல்வேலியில். எனக்கு ஒரே அண்ணன், சுடலைமணி. குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். சொந்த வண்டி இல்லை, லிங்கதுரை அண்ணாச்சியின் வண்டி. கல்யாண வீட்டுப் பாத்திரம், பந்தல் சாமான், தீப்பெட்டி பண்டல் என்று கோவில்பட்டியைச் சுற்றி எது நகர்ந்தாலும் அதில் பாதியை நகர்த்துவது எங்கள் அண்ணன்தான். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலிருந்து அந்த வண்டியின் ஸ்டியரிங் அவன் கையில். அதன் இருமலை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். என் கோளாறைக்கூட அப்படித்தான் கண்டுபிடிப்பான், பேசமாட்டான், ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான்.

ஆனி மாதக் கடைசியில் அண்ணாச்சி, “மணி, மகன் கூட துபாய்க்குப் போறேன்டே, வண்டியைக் கொடுத்துரலாம்னு இருக்கேன். நீ எடுத்துக்கிறியா?” என்று கேட்டிருக்கிறார். வெளி ஆளுக்குப் போனால் அவன் தன் டிரைவரோடு வருவான். எங்கள் அண்ணன் கையை வீசிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எடுத்துக்கொண்டாலோ, நாளைக்கு அவனே முதலாளி. ஆடியில் வண்டி கை மாறக்கூடாது, உங்களுக்குத் தெரியாததா? அதனால் அண்ணாச்சி, “ஆவணி முதல் முகூர்த்தம் வரைக்கும் உனக்குத்தான், அதுக்கப்புறம் என்னைக் குறை சொல்லாத” என்று சொல்லிவிட்டார். எனக்கு இந்த ஆடி, ஆவணி நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் அந்த ஒரு மாதத்தை அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தது அதுதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நியாயத்தை நியாயம் என்று சொல்ல வேண்டும்.

வண்டிக் கடன் கேட்டுப் போனதும், பேங்கில் அண்ணனின் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை. வாழ்க்கையில் ஒரு கடன்கூட வாங்காதவன், சம்பளம் கையில் வாங்குகிறவன், கணக்கு என்று ஒன்று இருந்தால்தானே? கடனே வாங்காதவனை அவர்களுக்குத் தெரியவே தெரியாதாம். “கூட ஒருத்தர் கையெழுத்துப் போடணும், மாசம் பேங்க்ல பணம் வர்ற ஆளா இருக்கணும்” என்றார்கள். எனக்கு மாதாமாதம் ஆய்வு உதவித்தொகை வருகிறது. அண்ணன் என்னிடம் கேட்கக்கூட இல்லை. நானே சொன்னேன்: “நான் போடுறேன்ணே. என் சிபில் ஸ்கோரைப் பார்த்து எந்திரிச்சு நின்னு கொடுப்பாங்க, பாரு.”

எந்திரித்து நிற்கவில்லை.

இங்கேதான் என் கார்டு வருகிறது. உதவித்தொகைக் கணக்கு ஆரம்பித்தபோது கூடவே ஒரு கிரெடிட் கார்டும் கொடுத்தார்கள், ஐம்பதாயிரம் வரைக்கும். எங்கள் விடுதியில் கார்டு இருப்பது எனக்கு ஒருத்திக்குத்தான். சிலருடைய அப்பாக்கள் கார்டு என்றாலே அலறுவார்கள். சிலருக்குக் கொடுக்க மாட்டார்கள். அதனால் என்ன ஆயிற்று? ஜெபாவுக்குப் பரீட்சைக் கட்டணம் கடைசி நாளா, “இசக்கி!” ஃபர்சானாவுக்கு ஊருக்குப் போக டிக்கெட்டா, “இசக்கி!” தேன்மொழிக்கு ஆன்லைனில் கார்டுக்கு மட்டும் தள்ளுபடியா, “இசக்கிச் செல்லம்!” அவர்கள் வாங்குவார்கள், எனக்கு ஓடிபி வரும், நான் சொல்வேன். கட்ட வேண்டிய தேதிக்கு முதல்நாள் எல்லோரும் ஜிபேயில் அனுப்பிவிடுவார்கள், நான் மொத்தமாகக் கட்டிவிடுவேன். வாட்ஸ்அப்பில் இதற்கென்று ஒரு குழு. பெயர் ‘இசக்கி பேங்க்’. நான் வைத்த பெயர் இல்லை, அவர்களாக வைத்தது. எங்கள் மாடியில் என்னைக் கேட்காமல் ஒரு செருப்புகூட வாங்க முடியாது, தெரியுமா? நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

ஆடி முதல் வாரம் பேங்குக்குப் போனோம். கடன் பிரிவில் பெனிட்டா மேடம் என்று ஒருவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார், இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க ஏம்மா எல்லா மாசமும் கார்டைத் துடைச்சு எடுக்கிறீங்க?”

“துடைக்கலை மேடம், பயன்படுத்துறேன். முழுசாக் கட்டிடுறேன். ஒரு நாள் தவறினேன்னு காட்டுங்க.”

“தவறலை. அதுக்கு மார்க் இருக்கு. ஆனா பில் போடுற அன்னைக்கு ஐம்பதாயிரத்துல நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு நிக்குது. அன்னைக்கு என்ன நிக்குதோ அதைத்தான் சிபிலுக்கு அனுப்புவாங்க. நீங்க அதுக்கப்புறம் கட்டுறீங்க. பார்க்கிறவங்களுக்கு எப்பவும் கழுத்து வரைக்கும் கடன்ல நிக்கிற மாதிரிதான் தெரியும். இப்பவே இப்படின்னா, வண்டி லோனும் கொடுத்து, திடீர்னு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா எதுல கட்டுவீங்க? அதுதான் கேள்வி.”

“எவ்வளவு எடுத்தா நல்ல பிள்ளை?”

“முப்பது சதவீதத்துக்குள்ள. பதினஞ்சாயிரம்னு வச்சுக்கோங்க.”

விடுவேனா அக்கா? “அப்படின்னா எதுக்கு ஐம்பதாயிரம்னு எழுதிக் கொடுத்தீங்க? பதினஞ்சாயிரம்னு எழுத வேண்டியதுதானே?” என்றேன்.

“பதினஞ்சாயிரம்னு எழுதியிருந்தா, அதுல முப்பது சதவீதம்தான் நல்லதுன்னு ஆயிரும்மா.”

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். மேடத்தைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. எனக்கு வேகம் வந்துவிட்டது. ஒருவரை விருந்துக்குக் கூப்பிட்டு, இலை நிறையப் பரிமாறிவிட்டு, அவர் சாப்பிட்டதும் ‘பாருங்கள், எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டார்’ என்று ஊரெல்லாம் சொல்வது எந்த ஊர் மரியாதை என்று கேட்டேன். மேடம் மெதுவாக, “லிமிட்டை ஏத்திக்கோங்கன்னு மெசேஜ் வந்திருக்குமே? ஒரு லட்சமா ஏத்தியிருந்தா இதே செலவு பாதிதானே ஆகியிருக்கும்?” என்றார். நாலு தடவை வந்தது அக்கா, நாலு தடவையும் வேண்டாம் என்றேன். பேராசை வேண்டாம் என்று மறுத்தேன்! மறுத்ததற்கு எனக்கு மாலை போட வேண்டும். இவர்கள் மார்க்கைக் குறைக்கிறார்கள். அதையும் கேட்டேன். உரக்கவே கேட்டேன். கடைசியில் அந்த மேடம் என்ன சொன்னார் தெரியுமா? “நீங்க சொல்றது சரிதான்மா” என்றார். அவர் வாயாலேயே! “சரிதான். ஆனா இந்த ஸ்கோரை வச்சு என்னால அனுப்ப முடியாது. இந்த மாசம் பில் போடுறதுக்கு முன்னாடியே கட்டிக் குறைச்சிருங்க. ஆவணி பிறந்ததும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்.”

அண்ணன் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தான். வண்டி நிறுத்த இடமில்லை என்று இறங்கவே இல்லை. நான் ஏறி உட்கார்ந்ததும் கேட்டான்.

“என்ன, ஜெயிச்சிட்டியா?”

“ஜெயிச்சிட்டேன்ணே. நான் சொல்றது சரின்னு ஒத்துக்கிட்டாங்க.”

“சரி. லோன்?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவன் கியரைப் போட்டான். பாதி வழியில், “ஒரே ஒரு மாசம் அந்தக் கார்டைத் தொடாம இரு பிள்ள” என்றான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

தொடவில்லை அக்கா. சத்தியமாகத் தொடவில்லை. கார்டு பெட்டியில் சுரிதார் மடிப்புக்குள் அப்படியே கிடக்கிறது. ஆனால் நம்பர் அவர்கள் போனில் முன்பே பதிந்திருக்கிறதே, நான் என்ன செய்ய? எனக்கு ஓடிபி வருகிறது. ஓடிபியைப் படித்துச் சொல்வதற்குப் பெயர் கார்டைத் தொடுவதா? எந்த அகராதியில் அப்படி இருக்கிறது? ஆடித் தள்ளுபடி வேறு. ஃபர்சானாவின் அக்காவுக்கு நிக்காஹ். துணிமணி பதினாலாயிரம், அதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஜெபாவுக்குப் பரீட்சைக் கட்டணம், நாலாயிரம், அது படிப்பு. தேன்மொழி போன் வாங்கினாள், பதினெட்டாயிரம். அவள் பழைய போனைப் பார்த்தால் நீங்களே வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். மிச்சம் எட்டாயிரம் என்னுடையது. அது செலவே இல்லை, புத்தகங்கள். அப்புறம் ஒரு செருப்பு. மேடையில் நின்று பேசுகிறவளுக்குச் செருப்பு வேண்டும்தானே?

ஆமாம், கூட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. நாற்பத்துநாலு. இன்று ராத்திரி பில் போடுவார்கள்.

அதனால் என்ன? எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். தேதிக்கு முதல்நாள் டாண் என்று வந்துவிடும். அதாவது, கட்ட வேண்டிய தேதிக்கு. பில் தேதிக்கு இல்லை. பில் தேதி என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

என்ன கேட்டீர்கள்? ‘அவங்ககிட்ட முன்னாடியே கேட்டியா’வா?

அக்கா, கேட்பது என்பது... அது அப்படி இல்லை. அவர்களாகக் கொடுக்கிறவர்கள். போய்க் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடாதா? தேன்மொழி ஒருநாள் என் தோளில் சாய்ந்துகொண்டு, “ஏட்டீ, நீ எப்பவும் கேக்கவே மாட்ட பாரு, அதான்ட்டீ உன்னை எல்லாருக்கும் பிடிக்குது” என்றாள். அதை நான் எவ்வளவு பெரிய... இல்லை, நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். எனக்குக் கேட்கப் பயம் என்று நினைக்கிறீர்களா? பேங்க் மேனேஜர் அறைக்கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தே அத்தனை சத்தம் போட்டவள் நான். பயம் இல்லை. சந்தர்ப்பம் வரவில்லை. நேற்றுக்கூடச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தேன். ஃபர்சானா அக்காவின் மருதாணிப் படத்தைக் காட்டினாள். எப்படி நடுவில் பேசுவது?

இருங்கள், போன். அண்ணன்தான்.

“சொல்லுண்ணே... கங்கைகொண்டான் தாண்டியாச்சு... ம்... யாரு? சாத்தூர் பார்ட்டியா? நாளைக்குக் காலையிலயா? ஆடி முடியலையேண்ணே!... சும்மா பார்க்கத்தானா?... நீ எங்க இருக்க? வண்டியைக் கழுவுறியா? அவங்க பார்க்க வாரதுக்கு நீ எதுக்குண்ணே கழுவுற?... சரி... சாப்பிட்டேன்... சரி வை.”

கேட்டீர்களா அக்கா? சாத்தூரிலிருந்து யாரோ நாளைக்கு வண்டி பார்க்க வருகிறார்களாம். அண்ணாச்சி கழுவி வை என்றாராம், இவன் கழுவிக்கொண்டிருக்கிறான். “சேறோட காட்டுனா வண்டிக்குக் கேவலம் பிள்ள” என்கிறான். கார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. “சாப்பிட்டியா” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் பதிலா இல்லை?

இந்த ஆளோடு வாதாட முடியாது அக்கா. எங்கள் வீட்டில் வாதாட ஆளே இல்லை.

சரி. கொஞ்சம் என் பையைப் பிடியுங்கள். நான் குழுவில் வாய்ஸ் மெசேஜ் பேசப் போகிறேன். ஆமாம், இப்போதே, பஸ்ஸிலேயே. எல்லோரும் கேட்கட்டும்.

“ஏட்டீ, எல்லாரும் கேளுங்க. இசக்கி பேசுறேன். கார்டுல உங்க பேர்ல நிக்கிற பணத்தை இன்னைக்கே, இப்பவே அனுப்புங்க. எனக்கு அஞ்சாம் தேதி வேண்டாம், இன்னைக்கு வேணும். இன்னைக்கு ராத்திரி பில் போட்டாங்கன்னா எங்க அண்ணனுக்கு வண்டி கிடையாது. காரணம் கேக்கிறவங்களுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் சொற்பொழிவே தாரேன். முதல்ல பணம்.”

அனுப்பிவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும்.  

ஜெபா! பார்த்தீர்களா, முதலில் ஜெபா. “என்னட்டீ, வசூலுக்கு ஆள் அனுப்பாம நீயே வந்துட்ட?” என்று எழுதியிருக்கிறாள். கிண்டல். ஆனால் நாலாயிரம் வந்துவிட்டது. ஃபர்சானா... “முன்னாடியே சொல்லியிருந்தா நேத்தே தந்திருப்பேனே லூசு, பணம் கையிலதான் வச்சிருந்தேன்.” பதினாலு. முழுசாக.

கையில்தான் வைத்திருந்தாளாம் அக்கா. நேற்றே. சரி விடுங்கள், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

கார்டுக்குக் கட்டிவிட்டேன். இன்னும் இருபத்தாறு நிற்கிறது. பாதிக்கு மேல். தேன்மொழி பார்த்துவிட்டாள், நீலக்கோடு விழுந்துவிட்டது, பதிலில்லை. நானே கூப்பிடுகிறேன். கயத்தாறு பக்கம் சிக்னல் போய்ப்போய் வரும்.

“தேனு, பார்த்தியா?... ஆமா, இன்னைக்குத்தான்... என்னது? ... இல்லட்டீ, நான் எப்ப சொன்னேன் நீ தரமாட்டன்னு? ... தெரியும், நீ ஒரு நாள்கூடத் தவறினதில்லை... தெரியும்ட்டீ... அது சரிதான்... நீ சொல்றது சரிதான். ஆனா நீ தேதிக்குத் தருவியா இல்லையாங்கிறது இல்லை இப்பப் பேச்சு. இன்னைக்கு என் பேர்ல என்ன நிக்குதுங்கிறதுதான். இன்னைக்கு நிக்கிறதைத்தான் பார்ப்பாங்க... சரி, நீ நியாயம் பேசு, நான் கேக்கிறேன். ஆனா பணத்தை அனுப்பிட்டுப் பேசு. பேசிட்டு அனுப்பாத... ஹலோ? ... ஹலோ?”

வைத்துவிட்டாள். சிக்னல் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

உங்களுக்கும் கேட்டிருக்குமே, அவள் குரல் அப்படி. “நான் என்னைக்காவது தேதி தவறியிருக்கேனா? தவறாம தர்றவகிட்ட எதுக்கு முன்னாடியே கேக்க? இது என்ன நியாயம்?” என்று கேட்கிறாள். எப்படிக் கேட்கிறாள் பாருங்கள்! கொஞ்சமாவது பொறுப்பு இருக்கிறதா?

ஏன் சிரிக்கிறீர்கள்? இல்லை அக்கா, நான் இப்போது பேசியது அந்த மேடம் பேசியது மாதிரி இல்லை. அது வேறு, இது வேறு. அங்கே ஒரு நிறுவனம், இங்கே ஒரு தனிமனுஷி. அடிப்படையே வேறு. விரித்துச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

அதோ, அனுப்பிவிட்டாள்! பதினெட்டு. கூடவே ஒரு வரி: “இந்தா, பிடி. ரொம்ப மாறிட்ட.”

பரவாயில்லை. நான் மாறினதாகவே இருக்கட்டும். கட்டிவிட்டேன், பாருங்கள், இதோ திரையில். எட்டாயிரம் மட்டும் நிற்கிறது. என் புத்தகமும் செருப்பும். பில் போடட்டும் இப்போது. ஆவணி பிறந்ததும் நான் அந்தப் பெனிட்டா மேடம் முன்னால் போய் உட்காருவேன். லோன் கையெழுத்தாகிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். கையெழுத்தானதும் அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பேன். நான் குறைத்தது அண்ணனுக்காக. அவர்கள் கணக்கு நியாயம் என்பதற்காக இல்லை. அதை எழுதிக்கூடக் கொடுப்பேன்.

ஒரு நிமிஷம். குழுவில் இதையும் போட்டுவிடுகிறேன். கேளுங்கள், சரியாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்: “இசக்கி பேங்க் தொடர்ந்து நடக்கும். ஆனால் ஆவணி முடியும் வரை விடுமுறை. அதற்குப் பிறகு, பில் போடுவதற்கு முன்னால் தருகிறவர்களுக்கு மட்டும். எல்லாரும் சேர்ந்து பதினஞ்சாயிரத்துக்கு மேல் கிடையாது. தேன்மொழிக்கு இப்போதைக்கு இல்லை.”

ஏன் இல்லை என்றால்? அவள் தவறினதில்லைதான். நான் மறுக்கவே இல்லையே. அவள் கேட்டதெல்லாம் சரிதான். ஆனாலும் ஒரு அவசரத்துக்குக் கேட்டதும் கொடுக்கவில்லையே அக்கா, யோசித்தாளே! அப்படிப்பட்ட ஆளிடம் மறுபடி எப்படி...

சரி, பிறகு பேசலாம், ஊர் வந்துவிட்டது. என் பையைக் கொடுங்கள். அதோ, பஸ் ஸ்டாண்ட் வாசலில் நிற்கிறது பாருங்கள், பளபளவென்று, ஈரம்கூடக் காயவில்லை. அதுதான் எங்கள் வண்டி. ஆமாம், இன்னும் எங்களுடையது ஆகவில்லை, தெரியும். நாளைக்குச் சாத்தூர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆடியில் பார்க்கத்தான் முடியும்.

ஏறி உட்கார்ந்ததும் அவன் கேட்பான் பாருங்கள், “என்ன, ஜெயிச்சிட்டியா?” என்று. இந்தத் தடவை நான் அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. அடுத்து “லோன்?” என்பானே, அந்தக் கேள்விக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.